புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறக்கும் பிள்ளை: எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கடலோர டீச்சர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். பதினோரு வருஷம் ஆச்சு. இப்போது 19 பிள்ளைகள். பாதிக்கு மேல் கடல் தொழில் பார்க்கிற வீடு. சில பிள்ளைகளின் வாப்பா சவுதியில், துபாயில். சில அம்மாக்கள் விடியற்காலையிலேயே பாசி எடுக்கப் போய்விடுவார்கள். பிள்ளையைப் பாட்டிதான் கொண்டுவந்து விடும்.

போன மாதம் ஒரு நல்ல மனுஷர் எங்கள் மையத்துக்கு முப்பது படக்கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார். அதுவரை சுவரில் ஒட்டிய சார்ட்டுகள்தான் எங்களிடம் இருந்தன. பாயை விரித்து எல்லாப் புத்தகத்தையும் பரப்பி வைத்தேன். பிள்ளைகள் ஆசையாக எடுத்தார்கள். எடுத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது, புத்தகம் என்றால் என்ன என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. ஒருத்தன் விசிறிக்கொண்டான். இரண்டு பேர் மீன் பெட்டி அடுக்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ஒரு பாப்பா தலைகீழாகப் பிடித்து நாலைந்து தாளைச் சேர்த்துச் சேர்த்துப் புரட்டியது.

இரண்டு பிள்ளைகளைப் பற்றித்தான் முக்கியமாகக் கேட்க வந்தேன்.

ஒரு பையன், ஐந்து வயது ஆகப்போகிறது. பின் அட்டையைத் திறந்து, ஒவ்வொரு தாளாக, கசங்காமல், கடைசியிலிருந்து முதல் பக்கம் வரை வந்தான். நான் அவசரப்பட்டு "தப்பு, இந்தப் பக்கம்" என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பிவிட்டேன். அவன் முகம் சுருங்கிப்போச்சு. அன்று முழுக்க ஒரு புத்தகத்தையும் தொடவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது, அவன் காலையில் குர்ஆன் ஓதப் போகிற பிள்ளை, அரபிப் புத்தகம் வலப்பக்கம்தான் திறக்கும். அது இன்னும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்று பெண் பிள்ளை, நாலு வயது. பூனைக்குட்டிக் கதை ஒன்றை மூன்று நாள் படித்துக் காட்டினேன். நாலாம் நாள் அவளே புத்தகத்தை மடியில் வைத்து, பக்கம் பக்கமாகத் திருப்பி, முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பூனைன்னு எங்கே எழுதியிருக்கு, காட்டு" என்றேன். பூனையின் வயிற்றில் விரலை வைத்தாள். கீழே இரண்டு வரி அச்சாகி இருந்தது. அதைத் தொட்டு "அப்போ இது என்ன?" என்று கேட்டேன். "அது சும்மா இருக்கு டீச்சர்" என்றாள்.

இவள் அ முதல் ஔ வரை நிற்காமல் சொல்கிறவள். சிலேட்டில் அ எழுதுகிறவள். ஆனால் அந்த எழுத்து எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷமாக நான் அதைச் சொல்லவே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முன் அட்டை எது, எங்கே தொடங்குவது, எழுத்துதான் பேசுகிறது என்பதையெல்லாம் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அம்மாக்கள் "எழுத வைங்க டீச்சர், ஜூன்ல ஒண்ணாப்பு போகணும்" என்றே கேட்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உச்சிப்புளி ஆசிரியை (ஓய்வு) எழுதியது:

டீச்சர், மண்டபம் ஒன்றியத்துப் பள்ளிகளில் 33 வருஷம் இருந்தேன். பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பு. "அது சும்மா இருக்கு" என்ற பதிலை இரண்டு தடவை படித்தேன். அவள் பார்த்தவரைக்கும் அது சரியான பதில். படம் பூனை மாதிரி இருக்கிறது. கீழே இருக்கும் கறுப்புக் கோடு எதைப் போலவும் இல்லை. நீங்கள் படிக்கும்போது அவள் உங்கள் வாயைப் பார்க்கிறாள், படத்தைப் பார்க்கிறாள். உங்கள் கண் வரிமேல் ஓடுவது அவளுக்கு எப்படித் தெரியும்? கதை டீச்சர் வாயிலிருந்து வருகிறது என்றுதான் நினைத்திருப்பாள். கதை கேட்கிற சின்னப் பிள்ளைகளின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்தே பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லா நேரமும் படத்தில்தான். பெரியவர்கள் விரல் வைத்துக் காட்டினால்தான் எழுத்துப் பக்கம் திரும்புகிறது.

நியூசிலாந்தில் மேரி கிளே என்ற அம்மையார் இதற்காகவே 1972இல் ஒரு சிறு புத்தகம் போட்டார். பெயர் 'மணல்'. நம் கடற்கரைக்குப் பொருத்தமான பெயர் என்று நினைத்துக்கொள்வேன். அதில் வேண்டுமென்றே ஒரு பக்கத்தில் எழுத்து தலைகீழாக இருக்கும், ஓரிடத்தில் வரி முன்பின்னாக மாறி இருக்கும். பெரியவர் கதையைப் படித்துக்கொண்டே, எங்கே தொடங்கணும், இந்த வரி முடிந்தால் எங்கே போகணும் என்று பிள்ளையைக் காட்டச் சொல்வார். பிள்ளையைப் படிக்கச் சொல்வதில்லை. இதைப் பற்றிப் படித்த பிறகு நானும் ஜூன் முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு புத்தகத்தைத் தலைகீழாகக் கையில் கொடுப்பேன். திருப்பிப் பிடிக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். மதிப்பெண் போடுவதற்கு இல்லை. யாருக்கு எதைக் காட்டணும் என்று எனக்குத் தெரிவதற்கு.

முதலில் நீங்கள் உட்காரும் இடத்தை மாற்றுங்கள். நாம் எதிரே உட்கார்ந்து, புத்தகத்தை நம் பக்கம் வைத்துக்கொண்டு படிக்கிறோம். பிள்ளைக்கு எல்லாம் தலைகீழ். நாலைந்து பேராகப் பிரித்துப் பக்கத்தில் உட்காரவைத்தால் உங்கள் இடது அவர்களுக்கும் இடது. அட்டையைக் காட்டி, பெயரை விரலால் தடவிப் படியுங்கள். உள்ளே போனதும் "இங்கேதான் தொடங்கணும்" என்று முதல் சொல்லைத் தொடுங்கள். வரி முடிந்தால் விரலைத் தூக்கி இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து "இங்கே வந்துட்டோம்" என்று சொன்னால் போதும். எல்லாப் பக்கத்திலும் வேண்டாம். ஒரு கதைக்கு இரண்டு மூன்று இடம். கதை கெட்டுப்போனால் பிள்ளை எழுந்து ஓடிவிடும், அதுவே நியாயமும்கூட.

தமிழில் நமக்கென்று சில சிக்கல் உண்டு. நம் சொற்கள் நீளம். "பூனைக்குட்டிக்குப் பசி" என்று எழுதினால் இரண்டே சொல். பிள்ளையின் வாயில் அது ஏழெட்டுத் தட்டு. பூ, னைக், குட், டிக், குப் என்று தட்டுக்கு ஒரு சொல்லாக விரலை நகர்த்தும். பசி வருவதற்குள் வரி முடிந்துவிடும். பிள்ளை விழிக்கும். அது தப்புச் செய்யவில்லை, வாயில் வரும் ஒலியையும் தாளில் இருக்கும் சொல்லையும் பொருத்திப் பார்க்கத் தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் "நாய் வா", "பூ பார்" மாதிரிச் சின்னச் சொல் உள்ள வரியைக் கொடுங்கள்.

இன்னொன்று, புத்தகத்தில் "வந்தது" என்று இருக்கும். நாம் பிரியமாக "வந்துச்சு" என்று சொல்லிவிடுவோம். கதையாகச் சொல்லும்போது எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். விரல் வைத்துப் படிக்கிற வரியில் மட்டும் அச்சில் இருப்பதை அப்படியே படியுங்கள். இல்லையென்றால் நாளைக்கு ஒரு மாதிரி, நாளன்றைக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். எழுத்து மாறாது என்பதுதானே அவள் தெரிந்துகொள்ள வேண்டியது.

அப்புறம் கொம்பு. "பூனை"யில் ஐகாரக் குறி முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். "கொ" என்றால் ஒரே எழுத்துக்கு இரண்டு பக்கமும் ஆள். கெட்டிக்காரப் பிள்ளை "இது ஏன் முன்னாடி நிக்குது?" என்று கேட்கும். மொத்தத்தையும் ஒரே விரலால் மூடி "இவ்வளவும் சேர்ந்து ஒண்ணு" என்று சொல்லிவிடுங்கள், இப்போதைக்கு அது போதும். (நான் படித்த காலத்தில் னை, லை எல்லாம் தலையில் தும்பிக்கை வைத்திருக்கும். 1978இல் அரசாணை போட்டு மாற்றினார்கள். பாட்டிமார் எழுதிய பழைய கடிதம் கிடைத்தால் பாருங்கள்.)

சொல்லுக்குச் சொல் விடும் இடைவெளி பிள்ளைக்குக் கண்ணில் படவில்லை என்றாலும் பதற வேண்டாம். இந்த மண்ணில் பனையோலையில் எழுத்தாணி பிடித்து எழுதியவர்கள் இடைவெளி விடவே இல்லை, புள்ளியும் பெரும்பாலும் வைக்கவில்லை. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்து அச்சேறி, அதற்கும் நெடுங்காலம் கழித்துத்தான் இன்றைய இடைவெளியும் நிறுத்தக்குறியும் நிலைத்தன. நாலு வயதுப் பிள்ளைக்கு நாலு மாதம் கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று, எனக்கு எப்போதும் கைகொடுத்தது. பிள்ளை சொல்கிற ஒரு வரியை, அது சொன்ன பேச்சிலேயே, அதன் கண் முன்னால் பெரிதாக எழுதுங்கள். எழுதும்போது ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். மறுநாள் அதையே எடுத்துப் படியுங்கள்.

மூணு பிள்ளை உம்மா, கீழக்கரை எழுதியது:

டீச்சர், அந்தப் பையனைப் பற்றிப் படித்ததும் என் நடுப்பிள்ளையை நினைத்துக்கொண்டேன். அவனும் இப்படித்தான் திறந்தான். அவனுடைய பள்ளியிலும் ஒருவர் "தப்பு" என்று சொன்னார். வீட்டுக்கு வந்து "எந்தப் புத்தகம் தப்பு உம்மா?" என்று கேட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் தினமும் தொட்டு முத்தமிட்டு எடுக்கிற கிதாபு வலப்பக்கம்தான் திறக்கும்.

நீங்கள் எழுதியதை இன்னொரு தடவை பாருங்கள். அவன் ஒவ்வொரு தாளாகப் புரட்டினான், கசக்கவில்லை, ஒரு அட்டையில் தொடங்கி மறு அட்டை வரை போனான். மற்றப் பிள்ளைகள் விசிறிக்கொண்டும் அடுக்கிக்கொண்டும் இருந்த நேரத்தில் அவனுக்குப் புத்தகம் என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஓதும்போது எழுத்துக்குக் கீழே விரல் வைத்து, அலிஃப், பே என்று நகர்த்தித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதனால் எழுத்துதான் பேசும் என்பதும் தெரிந்திருக்கும். திசை ஒன்றுதான் பாக்கி.

நான் செய்தது இதுதான். அவனுடைய ஓதுகிற புத்தகத்தையும் ஒரு தமிழ்க் கதைப் புத்தகத்தையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இதன் வாசல் இந்தப் பக்கம், அதன் வாசல் அந்தப் பக்கம் என்றேன். அவன் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து பார்த்தான். இரண்டு அட்டையும் கதவு மாதிரி விரிந்தது. "ரெண்டு வீடு" என்றான். அதற்குப் பிறகு சொல்லவே வேண்டியிருக்கவில்லை. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் எழுத்தைப் பார்ப்பான், அரபியா தமிழா என்று. பிறகுதான் திறப்பான்.

எங்கள் மாமி அலமாரியில் அரபுத் தமிழ்க் கிதாபு ஒன்று வைத்திருக்கிறார்கள். பேச்சு தமிழ், எழுத்து அரபி, திறப்பதும் வலப்பக்கம். மாமி அதைப் படித்ததும் மகன் திகைத்துப்போனான். "அரபில எழுதி தமிழ்ல பேசுதே!" என்றான். எழுத்து வேறு பேச்சு வேறு என்று ஐந்து வயதில் அவனுக்குத் தெரிந்தது அந்தக் கிதாபால்தான். உங்கள் ஊரிலும் பெரியவர்கள் வீட்டில் இருக்கும், கேட்டுப் பாருங்கள். அந்தப் பையனின் உம்மாவிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள் டீச்சர். அவள் உங்களுக்கு உதவியாக இருப்பாள்.

பாம்பன் படகு எழுதியது:

நான் டீச்சர் இல்லை, விசைப்படகில் போகிறவன். எட்டாவதோடு நின்றுவிட்டேன். இதைப் படித்ததால் என் மகளைப் பற்றிச் சொல்ல நினைத்தேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்போம். போன தடவை மகளும் கூட வந்தாள். பழைய நம்பர் உப்புக்காற்றில் மங்கிக் கிடந்தது. ஐஎன்டி, டிஎன், 10, எம்எம், அப்புறம் எங்கள் படகு நம்பர். நான் ஒவ்வொன்றாக எழுத எழுத "இது என்னப்பா, இது என்னப்பா" என்று கேட்டாள். "இது இல்லைன்னா நம்ம படகுன்னு யாருக்கும் தெரியாது, கடலுக்குப் போக டோக்கன் கிடைக்காது" என்றேன். அன்றிலிருந்து பாலத்துப் பக்கம் போனாலும் கடைக்குப் போனாலும் எழுத்தைப் பார்த்தால் "இது என்ன வேலை செய்யுது?" என்றுதான் கேட்பாள். பிஸ்கட் பாக்கெட், பஸ் போர்டு, ரயில் நிலையப் பலகை எதையும் விடுவதில்லை.

முன் அட்டைக்கு அவளே ஒரு பேர் வைத்துவிட்டாள். படகின் முன்பக்கத்தை நாங்கள் அணியம் என்போம். புத்தகத்துக்கும் அதுதான் அணியம். கதை சொல்லச் சொன்னால் "அணியத்தைக் காட்டுப்பா" என்பாள்.

எனக்கு ஒரு சந்தேகம். எனக்கு வேகமாகப் படிக்க வராது. விரல் வைத்து, எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பிள்ளைக்கு அது கெடுதலா? அவளுடைய அம்மாவே படிக்கட்டுமா?

உச்சிப்புளி ஆசிரியை (ஓய்வு) எழுதியது:

தம்பி, இரண்டு பேரும் படியுங்கள். நான் மேலே இவ்வளவு நீளமாக எழுதியதெல்லாம் விரல் வைத்து மெதுவாகப் படியுங்கள் என்பதற்குத்தான். நீங்கள் அதைத் தானாகவே செய்கிறீர்கள். சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று உங்கள் மகள் உங்கள் விரலிலிருந்து பார்த்துக்கொள்வாள். கூச்சப்படாமல் படியுங்கள். ஒரே புத்தகத்தை இருபது தடவை கேட்டாலும் படியுங்கள்.

கடலோர டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

அந்தப் பையனிடம் முதலில் "நான்தான்பா தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். அவன் உம்மா மறுநாள் ஓதுகிற புத்தகத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மையத்துக்கே வந்தார்கள். கீழக்கரை ராத்தா சொன்னபடி இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். அவன் தன் புத்தகத்தைத் திறந்து விரல் வைத்து ஓதிக் காட்டினான். மற்றப் பதினெட்டுப் பேரும் வாய் மூடிக் கேட்டார்கள். அன்றைக்கு அவன்தான் டீச்சர். இப்போது புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலை அவனுடையது. யாராவது தலைகீழாகப் பிடித்தால் போய்த் திருப்பி வைக்கிறான், தப்பு என்று சொல்லாமல்.

பாம்பன் தம்பி, உங்கள் மகளின் வார்த்தையை எடுத்துக்கொண்டேன். "அணியம் எது?" என்று கேட்டால் எங்கள் கடல்வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.

அந்தப் பெண் பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும். ஒரு திங்கட்கிழமை வட்டமாக உட்கார்ந்து "நேத்து என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே சார்ட் தாளில் எழுதினேன், சொல்லிச் சொல்லி. "நேத்து எங்கப்பா வலையில பெரிய திருக்கை பட்டுச்சு." ஆறு சொல். விரல் வைத்து இரண்டு தடவை படித்துவிட்டுச் சுவரில் ஒட்டினேன். படம் எதுவும் வரையவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்ததும் அதையே படித்தேன். அவள் என்னையே பார்த்தாள். "நேத்து சொன்னதையே சொல்றீங்க" என்றாள். "நான் சொல்லலை, இதுல இருக்கு" என்றேன். நம்பவில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை எங்கள் ஆயாம்மா லீவு. புதன்கிழமை காலை ஆயாம்மா அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு இருந்தபோது, இவள் சுவரிலிருந்து அந்தத் தாளைக் கிழியாமல் உரித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆயாம்மா, இதைப் படிங்க." ஆயாம்மா கையைத் துடைத்துவிட்டு வாங்கி, நிதானமாகப் படித்தார்கள். "நேத்து எங்கப்பா வலையில பெரிய திருக்கை பட்டுச்சு." இவள் ஆயாம்மா முகத்தைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். "உங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்டாள். "இதுலதான் எழுதியிருக்கே கண்ணு." தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். பிறகு என்னிடம் ஓடி வந்து, எழுத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, "இது சும்மா இல்ல டீச்சர்" என்றாள்.

ஆயாம்மாவுக்கு நடந்தது எதுவும் தெரியாது. நான் ஏன் கண்ணைத் துடைத்தேன் என்று கேட்டார்கள். புகை என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அவளிடமிருந்து ஒரு புதுப் புகார். திருக்கை ரொம்பப் பெரிசு, அதனால் "திருக்கை"யை நான் பெரிதாக எழுதியிருக்கணும் என்கிறாள். உச்சிப்புளி டீச்சர், இதற்கு என்ன சொல்வது?

உச்சிப்புளி ஆசிரியை (ஓய்வு) எழுதியது:

அந்த வயதில் நிறையப் பிள்ளைகள் அப்படி நினைக்கும். பெரிய பொருளுக்குப் பெரிய சொல் வேண்டும் என்று. விளக்கம் சொல்லாதீர்கள். அவள் கேட்டபடி தாள் முழுக்க "திருக்கை" என்று எழுதிக் கொடுங்கள். இன்னொரு துண்டில் "திருக்கை" என்றே பொடியாக எழுதுங்கள். இரண்டையும் அவளிடம் கொடுத்து ஆயாம்மாவிடம் அனுப்புங்கள்.